வீட்டுக்குள் ஒரு வலை

ஆலங்குளத்தில் எங்கள் வீடு என் பாட்டனார் கட்டியது. தெருவிலிருந்து பார்த்தால் அகலம் குறைவு. உள்ளே புகுந்தால் நீண்டுகொண்டே போகும். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அரங்கு, அடுக்களை, அதற்கும் அப்பால் புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். குறுக்கே நிற்கும் ஒவ்வொரு சுவரும் ஏறத்தாழ இரண்டடிக் கனம். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியவை. கோடையில் உள்ளே குளிர்ச்சி குன்றுவதில்லை. இத்துணை நல்ல சுவர்கள் ஒரு நாள் எனக்குத் தொல்லையாகும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின் எங்கள் வீட்டிற்கு இணையம் வந்தது. தலைமயிரை ஒத்த கண்ணாடி இழை ஒன்று தார்சாவின் மூலையில் வந்து முடிந்தது. அங்கே வைத்த வைஃபைப் பெட்டியின் அலைகள் பட்டாசலைத் தாண்டும்போதே இளைத்துப் போயின. அடுக்களையில் அடியோடு இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது மூன்று சிறு பெட்டிகளை வாங்கி வந்தான். ஒன்றைத் தார்சாவிலும், ஒன்றை இரண்டாங்கட்டிலும், ஒன்றை அடுக்களைக்கு முன்னுள்ள அறையிலும் வைத்தான். "இதற்கு மெஷ் என்று பெயர், அப்பா. மூன்றும் சேர்ந்து ஒரே வலை" என்றான். அன்று முதல் வீடு முழுவதும் இணையம் கிட்டியது. நான் அவற்றை மறந்துவிட்டேன். நன்றாக உழைக்கும் கருவியை மறந்துவிடுவது மனித இயல்பு அல்லவா?

மாணவ நண்பர்களே, இன்று நான் பேசப் புகுந்தது அந்த மூன்று பெட்டிகளைப் பற்றி. அவற்றை ஒரு மாலைப் பொழுதில் நானே பயனற்றவையாக்கிய கதையும், பிறகு முறையறிந்து அவற்றை மீண்டும் ஒரு வலையாகக் கட்டிய கதையும் இதில் அடங்கும். உங்களில் பலருடைய வீட்டில் இத்தகைய பெட்டி ஒன்றாவது இருக்கும். அதன் அடியில் ஓர் ஊசித் துளையும் இருக்கும்.

முதலில், சுவர் ஏன் தடுக்கிறது என்பதைப் பார்ப்போம். வானொலியும் மின்காந்த அலை; வைஃபையும் மின்காந்த அலை. என் தாயார் அதே அடுக்களையில் அமர்ந்து, கையகலமுள்ள டிரான்சிஸ்டர்ப் பெட்டியில் திருநெல்வேலி வானொலியை ஆண்டுக்கணக்காகக் கேட்டிருக்கிறார். அந்த அலைக்கு வழிவிட்ட சுவர் இந்த அலைக்கு ஏன் வழிவிடவில்லை? மத்திய அலை ஒலிபரப்பில் ஓர் அலையின் நீளம் சுமார் 200 மீட்டர் முதல் 550 மீட்டர் வரை இருக்கும். அதற்கு என் வீடு முழுவதும் சேர்ந்தாலும் ஆற்றில் கிடக்கும் ஒரு கூழாங்கல்தான். அந்த அலையை அனுப்பும் நிலையமோ கிலோவாட் கணக்கில் ஆற்றலைச் செலவிடுகிறது.

வைஃபையின் நிலை வேறு. அது பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 240 கோடி அதிர்வுகள், அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். வீட்டுப் பெட்டி வெளிவிடும் ஆற்றல் ஒரு வாட்டுக்கும் குறைவு. இத்தனை சிற்றலை, இத்தனை குறைந்த ஆற்றலோடு, இரண்டடிச் சுவரில் மோதினால் பெரும்பகுதி அச்சுவரிலேயே கரைந்து போகும். இரண்டினுள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மிகுதியான செய்தியை விரைந்து சுமக்கும். ஆனால் சுவரைக் கண்டால் முதலில் சோர்வது அதுவே. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவாக நடப்பது; ஆயினும் ஓரிரு சுவர்களைக் கடந்துவிடும். இரும்புப் பீரோ இவ்வலைகளைத் திருப்பிவிடும். நீர் அவற்றை உறிஞ்சும். சாரற்காலத்தில் ஈரம் ஊறிய சுவர் கோடைச் சுவரைக் காட்டிலும் பொல்லாதது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் இயங்குகிறது. ஆகவே அதன் அருகில் வைஃபைப் பெட்டியை வைப்பது, நாதசுரத்தின் பக்கத்தில் நின்று இரகசியம் பேசுவதைப் போன்றது.

இங்கே ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள அலைகளை உலகில் முதன்முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ். 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அவர் கம்பியில்லாமல் அலைகளை அனுப்பி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வைஃபை என்றவுடன் அதனை முழுக்க முழுக்க மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்ளலாம்.

இனி மெஷ் என்பதன் பொருள். எங்கள் பகுதியில் சிற்றாற்றுக் கால்வாய்களை நம்பிய குளங்கள் பல உண்டு. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்திற்கு நீர் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த குளம். மெஷ் வலையும் அத்தகையதே. கண்ணாடி இழையோடு நேரே இணைந்த பெட்டியைத் தலைமைக் கணு என்போம். மற்றவை கிளைக் கணுக்கள். தலைமைக் கணுவின் அலையை இரண்டாங்கட்டுக் கணு வாங்கி, அதனை மீண்டும் வலுவோடு அடுக்களைப் பக்கம் அனுப்புகிறது. மூன்று சுவர்களை ஒரே பாய்ச்சலில் தாண்ட வேண்டியதில்லை. சுவருக்குச் சுவர் ஓர் ஆள் நின்று வாங்கிக் கொடுத்தால் போதும்.

சாதாரணமான அலைபெருக்கிக் கருவியும் இதைத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வேறுபாடு உண்டு. அக்கருவி தான் கேட்டதை அப்படியே உரக்கச் சொல்லும், அவ்வளவே. மெஷ் கணுக்கள் ஒன்றோடொன்று பேசி, எந்த வழி நல்ல வழி என்று தாமே தீர்மானிக்கின்றன. ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடுகின்றன. வீடு முழுவதும் வலைக்கு ஒரே பெயர். நீங்கள் கைபேசியோடு தார்சாவிலிருந்து புறவாசலுக்கு நடந்தால், உங்களை ஒரு கணு மற்றொரு கணுவிடம் ஒப்படைத்துவிடும். ஒரு நிறுவனத்தின் கணு மற்றொரு நிறுவனத்தின் கணுவோடு பெரும்பாலும் ஒத்துப் போகாது என்பதையும் வாங்குமுன் தெரிந்துகொள்வது நலம்.

இம்முறை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மலையில் வேலை செய்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை வெளியிடங்களிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த இசைவு தந்தது. உடனே, அவ்வாண்டு பிப்ரவரியிலேயே, இமயமலைச் சாரலில் உள்ள தர்மசாலாவில் ஒரு மெஷ் வலை எழுந்தது. அம்மாத முடிவிற்குள் எட்டு வளாகங்கள் அதில் இணைந்தன. பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட கணுக்களாக அது வளர்ந்தது. மலை முகடுகள் மறைக்கும் இடம். மின்சாரம் அடிக்கடி நிற்கும் இடம். ஒரு கணு அணைந்தால் செய்தி வேறு கணுவின் வழியே சுற்றிச் சென்றது. அத்தனை கணுக்களும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக் கொண்டன என்பதையும் கவனியுங்கள். இந்தப் பங்கீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது என் கதை. ஈராண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாலை. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று அன்று வெறி கொண்டு வீசியது. இந்தக் காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஆலங்குளத்தைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளில் மின்சாரத்தை விளைவிப்பதும் அதுவே. மரக்கிளையைக் கம்பியில் சாய்த்து எங்கள் தெருவிளக்கை அணைப்பதும் அதுவே.

எங்கள் தெருவில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் ஒரு தாயின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அன்று எங்கள் வீட்டில் இருந்தாள். பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசைப்படி பதிவு செய்துகொண்டிருந்தாள். 2018ஆம் ஆண்டிற்கு முன் இதற்காகத் தந்தையும் மகளும் இரவு முழுவதும் பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டும். அவ்வாண்டு முதல் கலந்தாய்வு இணையத்திற்கு வந்துவிட்டது. அந்தப் பயணச் செலவு மிச்சம். ஆனால் கணினியும் இணையமும் இல்லாத வீட்டுப் பிள்ளை அவை இருக்கும் வீட்டைத் தேடிப் போக வேண்டும். அவள் என் வீட்டைத் தேடி வந்தாள். மறுநாள் மாலையோடு அவகாசம் முடிகிறது. வரிசையில் மூன்றில் ஒரு பங்குதான் ஏற்றியிருந்தாள்.

விளக்கு ஒருமுறை மங்கியது. பிறகு பளீரென்று எரிந்தது. மீண்டும் மங்கி நிலைபெற்றது. "சார், இணையம் போய்விட்டது" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். போய்ப் பார்த்தேன். இரண்டாங்கட்டுக் கணுவிலும் பின்னறைக் கணுவிலும் சிவப்பு விளக்கு.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் செய்தது இது. என் மனைவியிடம் ஓர் ஊக்கு வாங்கிக்கொண்டு நேரே தார்சாவுக்குச் சென்றேன். தலைமைக் கணுவைக் கவிழ்த்து, அடியிலிருந்த ஊசித் துளையில் ஊக்கை நுழைத்து, பத்து விநாடி அழுத்தினேன். ரீசெட் செய்தால் எல்லாம் சரியாகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். விளக்குகள் எல்லாம் அணைந்து எரிந்தன. என் கைபேசியில் பார்த்தால், எங்கள் வலையின் பெயரே காணவில்லை. அதன் இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு பெயர்.

முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் 'கேள்வியை முழுவதும் படித்துவிட்டு விடை எழுது' என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

ரீஸ்டார்ட் என்பது வேறு. ரீசெட் என்பது வேறு. வைஃபைப் பெட்டி என்பது ஒரு சிறு கணினி. அதற்கு இருவகை நினைவு உண்டு. ஒன்று, அப்போதைக்கப்போது எழுதி அழிக்கும் நினைவு. இந்தக் கைபேசி இந்த வழியே பேசுகிறது, அந்தக் கணினி அந்த வழியே பேசுகிறது என்பன போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் அவை போய்விடும். மற்றொன்று, மின்சாரம் நின்றாலும் நிலைத்திருக்கும் நினைவு. வலையின் பெயர், கடவுச்சொல், கிளைக் கணுக்கள் எவை, இணையம் வழங்கும் நிறுவனத்திடம் தன்னை இன்னார் என்று எப்படி அறிவித்துக்கொள்வது ஆகிய எல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுப்பது கரும்பலகையைத் துடைப்பது போல. ஊசித் துளையை அழுத்துவது பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையே கிழித்தெறிவது போல. பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். என் வீட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் முதலில் கேட்ட கேள்வி, "அப்பா, பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்பது. அப்படி ஒன்று உண்டு என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். இணைப்புக் கொடுக்க வந்தவர் தாமே தட்டெழுதிவிட்டுப் போயிருந்தார், நான் கேட்கவில்லை. இணைப்பு வழங்கிய அலுவலகம் மாலையில் பூட்டிவிட்டது. எல்லா இணைப்புகளுக்கும் இந்தப் பெயரும் சொல்லும் வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் கண்ணாடி இழை முடியும் பெட்டியிலேயே அவற்றைப் பதித்துவிடும். வேறு சில, நம் கருவியின் பிறவி எண்ணைப் பதிந்து வைத்துக்கொண்டு அதனைக் கண்டால் மட்டும் வழிவிடும். நம்முடையது எவ்வகை என்று ஊக்கை எடுப்பதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். தான் விரும்பிய கல்லூரிகளையும் பாடங்களையும் குறியீட்டு எண்களோடு வரிசையாக அதில் எழுதி வைத்திருந்தாள். எங்கள் தெருவில் கைபேசிச் சிக்னல் தரையில் கிட்டாது. மச்சின் மேல் ஏறினால் ஓரளவு கிட்டும். என் மடிக்கணினியையும் அவளுடைய கைபேசியையும் எடுத்துக்கொண்டு மேலே போனோம். நான் காற்றுக்கு மறைவாக ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். இடையிடையே அறுந்தது. இரவு பத்தரை மணிக்கு முடிந்தது. அவள் எழுதி வைத்திருந்தாள். நான் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் அந்தப் பெயரையும் சொல்லையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். பிறகு மகன் தொலைபேசியில் வழி சொல்ல, நான் வலையை மீண்டும் கட்டினேன். ஆனால் கட்டுவதற்கு முன், உண்மையில் பழுது எங்கே என்று பார்க்கச் சொன்னான். அந்த ஒழுங்கை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

வெளியிலிருந்து உள்நோக்கி வர வேண்டும். முதலில் கண்ணாடி இழை வந்து முடியும் பெட்டி. அதில் 'பான்' என்ற விளக்கு நிலையாக எரிந்தால் ஒளி வருகிறது என்று பொருள். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. அப்போது வீட்டுக்குள் எத்தனை ஊசி கொண்டு குத்தினாலும் பயனில்லை. வாய்க்கால் தலைப்பில் உடைப்பு இருக்க, வயலின் மடையைத் தூர்வாரி என்ன பயன்? அது சரியாக இருந்தால் தலைமைக் கணுவின் அருகில் நின்று, அல்லது ஒரு கம்பியால் கணினியை அதனோடு இணைத்து, இணையம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே வந்தால் தலைமைக் கணு நலமாக இருக்கிறது. குற்றம் அதற்கு உள்ளே, கிளைக் கணுவில். என் வீட்டில் நடந்தது அதுவே. முந்திய மாலை தார்சாவில் நின்று ஒருமுறை கைபேசியைப் பார்த்திருந்தால், அங்கே இணையம் வருவதைக் கண்டிருப்பேன்.

பழுது இரண்டாங்கட்டுக் கணுவில்கூட இல்லை. அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரில் இருந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அது நலிந்து, 12 வோல்ட் தர வேண்டிய இடத்தில் குறைவாகத் தந்துகொண்டிருந்தது. கணு முழுவதும் அணையவும் இல்லை. முழுவதும் எழவும் இல்லை. அதன்மூலம் மறுகால் வாங்கிய பின்னறைக் கணுவும் சேர்ந்து வறண்டது. சில நூறு ரூபாய் அடாப்டரை மாற்றினால் முடிந்திருக்கும் காரியம்.

இந்த அரைகுறை நிலை எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரத்துப் பார்வை மையங்களைத் தொலைதூர வைஃபை மூலம் இணைத்தது. கிராமத்து நோயாளி மையத்தில் அமர்ந்தபடியே தேனியில் உள்ள மருத்துவரோடு காணொளியில் பேசலாம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதில் துணைநின்றார்கள். அவர்கள் தேனி வலையையும் தர்மசாலா வலையையும் சேர்த்து ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருவிகள் ஏன் பழுதாகின்றன என்பதற்கு அவர்கள் கண்ட தலையாய காரணம் மின்சாரத்தின் தரக்குறைவு. 220 வோல்ட் இருக்க வேண்டிய கம்பியில் 1000 வோல்ட் வரை எழுந்த பாய்ச்சல்களும், 70 வோல்ட்டுக்கும் கீழே சென்ற தாழ்வுகளும் அவர்களுடைய அளவுகருவியில் பதிவாயின. அழுத்தம் தாழும்போது ரூட்டர் பாதியில் நின்று திகைத்துவிடும்; நிலைத்த நினைவில் எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் அந்த எழுத்தே சிதைந்துவிடும். அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கருவியை முழுவதுமாக நிறுத்திவிடும் சிறு மின்சுற்று ஒன்றை அவர்கள் பொருத்தினார்கள். நோயாளியின் கண் அக்கருவியை நம்பியிருந்தது. வீட்டுப் பெட்டிகளுக்கு 12 வோல்ட் தரும் சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வலையை வாங்கும் நாளிலேயே அதையும் வாங்கிவிடுவது சிக்கனம் என்பது என் கருத்து.

கட்டும் முறைக்கு வருகிறேன். தலைமைக் கணுதான் முதலில். கைபேசியில் அந்நிறுவனத்தின் செயலியைத் திறந்து, அலுவலகம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பிழையின்றித் தட்ட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. நான் இருமுறை தவறினேன். இணையம் வந்ததென்று உறுதிப்படுத்திய பிறகே வலைக்குப் பெயரிட வேண்டும். இங்கே மகன் ஒரு நுட்பம் சொன்னான். பழைய வலையின் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் ஓரெழுத்தும் மாறாமல் அப்படியே இட்டால், வீட்டிலுள்ள கைபேசி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். புதிதாகப் பெயரிட்டால் ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பழைய கடவுச்சொல் ஊரார் அறிந்ததாகவோ, '12345678' என்பது போன்றதாகவோ இருந்தால் அந்தச் சோம்பலுக்கு இடம் தரக்கூடாது. பெட்டியை நிர்வகிக்கும் கடவுச்சொல் என்று தனியே ஒன்று உண்டு. ரீசெட் செய்தால் அது அடியில் அச்சிட்டிருக்கும் பழைய சொல்லாகிவிடும். அதையும் அன்றே மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்றிருப்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது கிளைக் கணுக்கள். என்னை மீண்டும் திகைக்க வைத்த இடம் இது. புதிய அடாப்டர் வைத்தும் இரண்டாங்கட்டுக் கணு தலைமையோடு சேரவில்லை. ஏனெனில் அது இன்னும் பழைய தலைமையையே நினைத்துக்கொண்டிருந்தது. தலைமை தன் பதிவேட்டை இழந்துவிட்டது. கிளையோ பழைய பதிவேட்டைக் காட்டி உள்ளே வர முயல்கிறது. தலைமையை அழித்தால் கிளைகளையும் அழித்தே தீர வேண்டும். ஒரு துளையில் குத்தியவன் மூன்று துளைகளிலும் குத்தினேன். அழித்த கணுவைத் தலைமைக் கணு இருக்கும் அறைக்கே கொண்டு வந்து, ஐந்தாறு அடி தூரத்தில் வைத்து, செயலியில் சேர்க்க வேண்டும். விளக்கு நிலைபெற்ற பிறகு அடுத்ததைச் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்தபின் ஒவ்வொன்றையும் அதன் இடத்திற்கு எடுத்துச் செல்லலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்க்க நான் அவசரப்பட்டேன். அரைமணி நேரம் வீணாயிற்று.

இடம் என்றேன். கணுவை எங்கே வைப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். இணையம் வராத அறையின் நடுவில் வைக்கிறார்கள். வராத இடத்தில் கணுவுக்கும் வராது! தனக்கே நீர் இல்லாத குளம் மறுகால் பாய்வது எங்ஙனம்? தலைமைக்கும் வறண்ட அறைக்கும் இடையே, பாதி வழியில், இன்னும் நல்ல அலை கிட்டும் இடத்தில் அதனை வைக்க வேண்டும். தரையில் வைக்காமல் ஆள் உயரத்தில், பீரோவுக்குப் பின்னால் மறைக்காமல், கூடுமானவரை வாசற்கால்களின் நேர்க்கோட்டில் வைக்க வேண்டும். என் வீட்டில் தார்சா முதல் புறவாசல் வரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. காற்றோட்டத்திற்காகப் பாட்டனார் வைத்த கோடு. இன்று அந்தக் கோட்டிலேயே அலையும் போகிறது.

முன்பு தள்ளி வைத்த சிக்கல் இப்போது. ஒரே அலைவரிசையில் இயங்கும் கணு, கேட்கும்போது பேச முடியாது. பேசும்போது கேட்க முடியாது. ஆகவே வாங்கிய செய்தியை மீண்டும் அனுப்ப இருமடங்கு நேரம் பிடிக்கிறது. ஒவ்வொரு தாண்டலிலும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். தார்சாவில் நூறு என்றால் இரண்டாங்கட்டில் ஐம்பது, பின்னறையில் இருபத்தைந்து. கணுக்கள் தமக்குள் பேச ஓர் அலைவரிசையும், நம்மோடு பேச மற்றோர் அலைவரிசையும் வைத்துக்கொள்ளும் கருவிகளில் இந்த இழப்பு குறையும். ஆனால் கணுக்களை மேலும் மேலும் வாங்கி அடுக்கினால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். முடிந்தால் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே ஒரு கம்பியை இழுத்துவிடுவதே சிறந்தது. கம்பியில்லாக் கருவிக்குக் கம்பி சிறந்தது என்று நான் சொல்வது உங்களுக்கு நகைப்பாக இருக்கலாம். சுவரின் உச்சியில் ஒரு துளை போட்டுக் கம்பியை நுழைத்துவிட்டால் இரண்டடிச் சுவர் ஒரு பொருட்டே அன்று. ஆனால் அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியே, மாடிச் சுவரின் மேல் ஓட விடாதீர்கள்; இடி மின்னலுக்கு அது வழியாகும்.

அந்தப் பெண் இப்போது திருநெல்வேலியில் பொறியியல் படிக்கிறாள். சென்ற பொங்கல் விடுமுறையில் வீட்டிற்கு வந்திருந்தாள். தார்சாக் கதவின் பின்புறம் நான் தொங்கவிட்டிருக்கும் சிறு நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். வலையின் பெயர், மூன்று கடவுச்சொற்கள், பிபிபிஓஇ விவரம், அலுவலகத் தொலைபேசி எண், அடாப்டர்களின் வோல்ட், எந்தக் கணு எப்போது வாங்கியது என்பன அதில் உண்டு. "சார், கடவுச்சொல்லைக் கதவில் தொங்கவிடலாமா?" என்று கேட்டாள். நோட்டு அன்றே அரங்குப் பெட்டிக்குள் போயிற்று. பிறகு அவள் கைபேசியோடு பின்னறைக்கும் அடுக்களைக்கும் இடையே நாலைந்து முறை நடந்து அளந்தாள். பின்னறைக் கணுவை எடுத்து, பித்தளைப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த பலகையிலிருந்து விலக்கி, எதிர்ச்சுவரின் மாடத்தில் வைத்தாள். புறவாசல் வேப்பமரத்தடி வரை இப்போது இணையம் கிட்டுகிறது.